ரத்தத்தில் இன்னொருவன்

வளைகாப்பு மண்டபத்தில் ஏழெட்டு செல்போன்கள் ஒரே நேரத்தில் சிணுங்கின. அப்போது தர்ஷினியின் இடது கையில் அவள் மாமியார் இந்திராணி பச்சை வளையல் ஏற்றிக்கொண்டிருந்தாள். போனை எடுத்தவர்கள் முதலில் சிரித்த முகத்தோடுதான் பார்த்தார்கள். பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் எல்லோரும் மேடையில் சந்தனக் கன்னத்தோடு உட்கார்ந்திருந்த தர்ஷினியைப் பார்த்தார்கள்.

வந்தது கருவாசிப்பு முடிவு. இந்தக் காலத்தில் ஜாதகம் பார்க்காமல்கூடக் கல்யாணம் நடந்துவிடும், கருவாசிப்பு இல்லாமல் பிள்ளை பிறக்காது. மாசமாக இருப்பவளிடம் ஒரு ஊசி ரத்தம் எடுத்தால் போதும். அதில் அவளுடையது அல்லாத ஒவ்வொரு செல்லையும் மெஷின் பிரித்துப் படித்துவிடும். பிள்ளைக்குச் சர்க்கரை வருமா, காது கேட்குமா, நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருமா, எல்லாம் சொல்லிவிடும். முடிவு தாய்க்கு மட்டும் வராது. குடும்பக் கணக்கில் யார் யார் நம்பர் இருக்கிறதோ அத்தனை பேருக்கும் போகும். பிள்ளை குடும்பத்துச் சொத்து, அவள் சும்மா சுமக்கிறவள் என்று நினைத்த ஏதோ ஒரு புண்ணியவான் செய்த ஏற்பாடு அது.

பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் முதல் வரி சொன்னது. அடுத்த வரி கொஞ்சம் தடித்த எழுத்தில் இருந்தது. 'தாயின் ரத்தத்தில் முந்தைய கரு ஒன்றின் செல்கள் உள்ளன. ஆண். தந்தை வேறு.'

இந்திராணி போனைக் கீழே வைத்துவிட்டு, மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையலைக் கழற்றப் போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் கழற்றவில்லை, இறுக்கினாள். கண்ணாடி நொறுங்கிச் சதைக்குள் ஏறும்வரை இறுக்கினாள். "எவன்டி அவன்?" என்று கேட்டாள். தர்ஷினி அலறினாள். மாப்பிள்ளை விஷ்வா மேடையேறி வந்து மனைவியின் பூ வைத்த கொண்டையைப் பிடித்துத் தலையை நாற்காலியின் முதுகில் மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. வாழ்த்த வந்த பெண்கள் குங்குமச் சிமிழைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார்களே ஒழிய, வயிற்றுப் பிள்ளைக்காரி என்று ஒருத்தியும் குறுக்கே விழவில்லை.

விழ வேண்டியவள் அவளைப் பெற்ற சுகந்தி. கையில் புளியோதரைத் தாம்பாளத்தோடு நின்றவள் அதை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஓடிப்போய், ரத்தம் வழிய உட்கார்ந்திருந்த மகளின் கன்னத்தில் அவளும் ஒரு அறை விட்டாள். ஊரில் யார் வேண்டுமானாலும் சந்தேகப்பட்டிருக்கலாம், அவள் பட்டிருக்கக் கூடாது. ஆனால் அவள்தான் எல்லோருக்கும் முந்தி நம்பினாள். கல்யாணத்துக்கு முன்னால் வயிற்றில் பிள்ளை வரும் என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மண்டபத்து வாசலில் இந்திராணி, சுகந்தியின் புருஷன் செல்லப்பாண்டியிடம் சத்தம் போடாமல்தான் பேசினாள். "சம்பந்தி, உங்க வீட்டு அசிங்கத்த நீங்களே பாத்துக்கிறீகளா, இல்ல நாங்க பாக்கணுமா?"

செல்லப்பாண்டி குனிந்து செருப்பைத் தேடினார். அவர் மகன் நிரஞ்சன் சொன்னான். "நாங்களே பாத்துக்கிறோம் அத்த."

போடியில் மிளகு மண்டி வைத்திருக்கிற குடும்பம் அது. முன்னால் வீடு, பின்னால் குடோன். தர்ஷினியை வீட்டுக்குள் சேர்க்காமல் நேரே குடோனில் கொண்டுபோய் அடைத்தான் நிரஞ்சன். அவன் சாதிச் சங்கத்தின் இளைஞர் அணியில் பெரிய ஆள். ரத்தம், மானம், வம்சம் என்று மைக் பிடித்தால் கூட்டம் விசிலடிக்கும். போன வருஷம் கீழத்தெருப் பையன் ஒருவன் இவர்கள் தெருவுக்குள் பைக்கை முறுக்கிக்கொண்டு வந்தான் என்பதற்காக, அவன் வலது கையில் மூன்று விரலை வெட்டியவன். வழக்கு நடக்கிறது. நடந்துகொண்டே இருக்கும்.

சுகந்தி சோறு கொண்டுபோனாள். மிளகு மூட்டைகளுக்கு நடுவே தர்ஷினி முந்தானையால் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாருடி?" என்றாள் சுகந்தி. "எங்கிட்ட மட்டும் சொல்லு. எப்ப நடந்துச்சு?"

"நீயுமா?" என்றாள் தர்ஷினி. அழுது முடித்த குரல். "அம்மா, விஷ்வா கை என்மேல படுற வரைக்கும் எவனும் என்னயத் தொட்டதில்ல. நம்பாட்டிப் போ. அந்த மெஷின்கிட்டயே போயிக் கேளு, யாரு, எப்பன்னு. எனக்கும் தெரியணும்."

சுகந்தி மகளின் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிற பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இதே வயதில் தன் தாயிடம் அவள் சொன்ன பொய்கள் கொஞ்சமா நஞ்சமா. பொய் சொல்கிறவள் கெஞ்சுவாள், சத்தியம் பண்ணுவாள், காலைப் பிடிப்பாள். இவளுக்குக் கோபம்தான் இருந்தது. அறைந்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று சுகந்திக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில், காயத்துக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் தேனிக்குப் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் கருவாசிப்புப் பிரிவில் மெர்லின் என்ற பெண் இருந்தாள். முடிவுகளைக் குடும்பத்தாருக்கு விளக்கிச் சொல்கிற ஆலோசகர். வளைகாப்பு மண்டபத்தில் நடந்ததைக் கேட்டதும் அவள் முகம் வெளிறியது. கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அம்மா, ஒரு தப்பு நடந்துருக்கு," என்றாள் கடைசியில்.

"மெஷினா?"

"மெஷின் மேலயும் தப்பு, எங்க மேலயும் தப்பு. இது வெளிநாட்டு மெஷின். ஒரு பொம்பளை ரத்தத்துல வேற ஆள் செல் இருந்தா, அவ முன்னால சுமந்த பிள்ளைன்னுதான் எழுதும். பெத்த பிள்ளையோட செல்லு தாய் ஒடம்புல பல வருஷம் தங்கும், அதான் காரணம். ஆனா பிள்ளைன்னா பாதி தாய்கிட்டருந்து வந்திருக்கணும். சரியா பாதி ஒத்துப்போகலைன்னா ஒரு சிவப்பு எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கைய நாங்க அணைச்சு வச்சிருக்கோம்."

"ஏன்?"

மெர்லின் தயங்கினாள். "நம்ம பக்கம் எல்லாரும் மாமனக் கட்டுறாங்க, அத்தை மகனக் கட்டுறாங்க. தலைமுறை தலைமுறையா. அந்த மெஷினுக்கு நம்ம உறவு முறை ஒண்ணும் புரியல. எந்த ரத்தத்த வச்சாலும் பாதிக்கு மேல ஒத்துப்போகுதுன்னு சிவப்பா கத்திக்கிட்டே இருந்துச்சு. வேலையே ஓடல. அதனால பெரிய டாக்டர் அதை அணைச்சிரச் சொல்லிட்டாரு. ஒரு வருஷமாச்சு. இப்ப உங்க பொண்ணோடத மட்டும் எச்சரிக்கையப் போட்டு மறுபடி ஓட்டிப் பாத்தேன். பாதி இல்ல, கால் பங்குதான் ஒத்துப்போகுது. இது தர்ஷினி சுமந்த பிள்ளையே இல்ல."

சுகந்தி கும்பிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. "அப்ப யாரோடது?"

"உங்க வயித்துல அவளுக்கு முன்னால இருந்த பிள்ளையோடது. அந்தப் பிள்ளையோட செல்லு உங்க ஒடம்புல தங்கி, நீங்க இவள சுமக்கும்போது இவளுக்குள்ள போயிருக்கு. அபூர்வம், ஆனா நடக்கும். அவளுக்கு அண்ணன் இருக்காரா?"

"இருக்கான். நிரஞ்சன்."

மெர்லின் திரையைப் பார்த்தாள், பிறகு மேஜையைப் பார்த்தாள். சுகந்தியை மட்டும் பார்க்கவில்லை. "ஒரே அப்பா அம்மாவுக்குப் பொறந்தவங்கன்னா பாதி வரும். கால்னா அம்மா ஒண்ணு, அப்பா வேற."

சுகந்தி இருபத்தேழு வருஷமாக மூச்சுவிடாமல் காத்துவந்ததை, எங்கோ ஒரு நாட்டுக்காரன் செய்த டப்பா மூன்று வரியில் சொல்லிவிட்டது.

கதிரேசன் என்று ஒருவன் இருந்தான். கீழத்தெரு. மருந்துக்கடையில் வேலை. சுகந்தியின் அண்ணன்மார் அவனை முல்லையாற்றங்கரையில் வைத்து வெட்டினார்கள். அன்று காலையில் அவளுடைய அப்பா, 'குலதெய்வத்துக்கு ஒரு வேண்டுதல் இருக்கு' என்று துணிப்பையோடு கிளம்பிப் போய்விட்டார். அது அவர்கள் குடும்பங்களில் ஒரு நடைமுறை. வீட்டில் கொலை விழப்போகிறதென்றால் மூத்தவர் ஊரில் இருக்க மாட்டார். கேட்டால் கோயிலில் இருந்தேன் என்று சொல்லலாம். பழி சின்னவர்கள் தலையில் போகும், மானம் பெரியவர் தலையில் நிற்கும். அடுத்த முகூர்த்தத்திலேயே செல்லப்பாண்டிக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். நிரஞ்சன் குறைமாதத்தில் பிறந்தான் என்று ஊருக்குச் சொன்னார்கள். குறைமாதப் பிள்ளை தொடையில் இரண்டு மடிப்போடு இருந்ததை யாரும் கேட்கவில்லை. ஆண் பிள்ளை பிறந்த வீட்டில் யாருக்கும் மாதக் கணக்குப் போட மனசு வராது.

"முடிவைத் திருத்தி அனுப்பிரவாம்மா?" என்று கேட்டாள் மெர்லின். "ஆனா திருத்தினா மெஷின் முழுசா எழுதும். எல்லா நம்பருக்கும் போகும். நான் நடுவுல எதையும் அழிக்க முடியாது."

அதாவது, மகளை நிரபராதி என்று சொல்கிற அதே வரி மகனைக் கீழத்தெருக்காரன் பிள்ளை என்று சொல்லும். நிரஞ்சனை அவன் சங்கத்தார் என்ன செய்வார்கள் என்று சுகந்திக்குத் தெரியும். தன்னை என்ன செய்வார்கள் என்று அவள் யோசிக்கவேயில்லை.

அப்போது போன் அடித்தது. செல்லப்பாண்டி.

"நான் சுருளிக்குக் கெளம்புறேன்," என்றார். "ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கு. வர ரெண்டு நாளாகும்." சுகந்தி வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "இப்ப அனுப்பாத பாப்பா. நான் சொன்னா அனுப்பு," என்றாள். அந்த நேரத்தில் அவள் போட்ட கணக்கு இதுதான்: நிரஞ்சனிடம் மட்டும் சொல்வாள். தங்கச்சி மேல் தப்பில்லை என்று தெரிந்தால் அவன் ஏன் வெட்டப் போகிறான்? இரண்டு பிள்ளைகளும் பிழைத்துக்கொள்வார்கள். தாய்மார்கள் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள்.

வாடகைக் காரில் அவள் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். மூட்டை தூக்குகிறவர்களுக்கெல்லாம் லீவு விட்டிருந்தது. குடோன் வாசலில் நிரஞ்சன் ஒரு மிளகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். மடியில் துண்டு சுற்றிய அருவாள். குடிக்கவில்லை. குளித்து, திருநீறு பூசியிருந்தான்.

"உள்ள போம்மா," என்றான். "டிவிய சத்தமா வச்சுக்க."

"அது அவ சுமந்ததில்லடா."

"போம்மா."

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் வர்றேன். அந்தப் பொண்ணு மறுபடி போட்டுப் பாத்துச் சொல்லிருச்சு. அவ ரத்தத்துல இருக்குறது அவ பிள்ள இல்ல. அவளுக்கு முன்னாடி என் வயித்துல இருந்தவன். நீதான்டா அது."

நிரஞ்சன் சிரித்தான். "நல்லா கத கட்டுற. அப்பா வேறன்னுல்ல போட்டுருக்கு."

சுகந்தி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் சிரிப்பு முடியக் கொஞ்ச நேரம் ஆனது.

"யாரு?"

அவள் பெயரைச் சொன்னாள். தெருவையும் சொன்னாள். யார் எங்கே வைத்து வெட்டினார்கள் என்பதையும் சொன்னாள். அந்த மாமன்மார்தான் அவனுக்குக் காது குத்தியவர்கள், முதல் அருவாள் வாங்கிக் கொடுத்தவர்கள்.

நிரஞ்சன் எழுந்துபோய்ச் சுவரோரமாகக் குனிந்து வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு தன் கைகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். சுகந்தி பக்கத்தில் போய் அவன் முதுகைத் தடவினாள். முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தாள். எவ்வளவு ஆசையாக நினைத்தாள் பாவி.

"இது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான்.

"எனக்கும் அந்தப் பொண்ணுக்கும்தான். நான் சொன்னாத்தான் திருத்தி அனுப்பும்."

"சொல்லாத." அவன் மூட்டைமேல் கிடந்த அருவாளை எடுத்து, துண்டை உருவிக் கீழே போட்டான். "இவ உசுரோட இருக்குற வரைக்கும் எவனாச்சும் ஊசியக் குத்தி எடுத்துப் பாப்பான். ஒவ்வொரு பிள்ளைக்கும் எடுப்பான். ஒரு நாளு இல்லாட்டி ஒரு நாளு கண்டுபிடிச்சிருவான்."

"நிரஞ்சா, அவ ஒரு தப்பும் பண்ணலடா."

"தெரியும்மா," என்றான் அவன், குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாக. "இப்ப அது இல்ல விஷயம்."

தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். தர்ஷினி மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணே," என்றாள். வயிற்றுக்கு முன்னால் கையைக் குறுக்கே கொண்டுவந்தாள், அவ்வளவுதான் முடிந்தது. அருவாள் அந்த முன்கையில் இறங்கியது. எலும்பில் பட்ட சத்தம் சுகந்திக்குக் கேட்டது. தர்ஷினி மூட்டைகளின் இடுக்கில் சரிந்தாள். அவன் எலும்பில் சிக்கிய அருவாளை இழுத்து உருவி மறுபடி ஓங்கினான்.

மூட்டை தூக்குகிறவர்கள் தங்கள் இரும்புக் கொக்கிகளைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். எப்போது எடுத்தாள் என்று சுகந்திக்குத் தெரியாது. பின்னாலிருந்து கொக்கியை மகன் கழுத்தில் போட்டு இழுத்தாள். அவன் திரும்பினான். வலியைவிட ஆச்சரியம்தான் அந்த முகத்தில் இருந்தது. "அம்மா," என்றான். அருவாளை விட்டிருந்தால் அவளும் விட்டிருப்பாள். அவன் விடவில்லை, அந்தக் கையாலேயே அவளை ஒதுக்கிவிட்டுத் தங்கச்சி பக்கம் திரும்பினான். சுகந்தி இரண்டாவது தடவை போட்டாள். இந்தத் தடவை காதுக்குக் கீழே. முழுப் பலத்தோடு இழுத்தாள். மூட்டையும் கிழிந்து மிளகு கொட்டியது. ரத்தம் அதன்மேல் விசிறி அடித்தது. அவன் முழங்காலிட்டு, பிறகு குப்புற விழுந்து, மிளகை இரண்டு கையாலும் வாரி வாரி விட்டான்.

அவள் அவனைப் புரட்டி மடியில் போட்டுக்கொண்டாள். கழுத்தை உள்ளங்கையால் பொத்தினாள். தான் கிழித்ததைத் தானே பொத்துகிற பைத்தியக்காரத்தனத்தை நினைத்துப் பார்க்க அப்போது நேரமில்லை. பவுடர் போட்டு வளர்த்த கழுத்து. கொஞ்சம் கொஞ்சமாக அவன் உதறல் நின்றது. பிறகு அவள் எழுந்து, தன் சேலையைக் கிழித்து மகளின் கையைக் கட்டினாள். ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினாள். அடுத்து மெர்லினுக்குப் பண்ணினாள்.

"அனுப்பிரு பாப்பா," என்றாள். "இனி அவன யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

மதுரை ஜெயிலில் மனுப் போட்டு மகள் பார்க்க வந்தபோது அவளுக்கு மாதம் நெருங்கியிருந்தது. இடது கை விரல்கள் மடங்கவில்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அண்ணன எரிச்சாச்சா?" என்று கேட்டாள் சுகந்தி. அதைத்தான் முதலில் கேட்டாள்.

"அப்பா கொள்ளி வைக்க மாட்டேன்னுட்டாரு. எவனோ ஒருத்தன் பிள்ளைக்கு நான் எதுக்குன்னு. சங்கத்து ஆளு ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீ போலீஸ்ல சொன்னதக் கேட்டு கீழத்தெருல இருந்து ஒரு அம்மா வந்தாக. அவரோட அக்காவாம், கதிரேசனோட. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயி அவுக சுடுகாட்டுல எரிச்சாக. மூக்கு அப்படியே தம்பி மூக்குன்னு சொல்லி அழுதாக."

சுகந்தி வலையைப் பிடித்துக்கொண்டாள். மகனைக் கொன்ற நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. வார்டர் அம்மா ஒரு தடவை பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தர்ஷினி காத்திருந்தாள்.

"நேத்து நம்ம வீட்டுக்கு அவுக வந்தாக," என்றாள் பிறகு. "அத்தையும் விஷ்வாவும். பூ, பழம், பட்டுச்சேல எல்லாம் கொண்டாந்தாக. திருத்துன ரிப்போர்ட்டப் பாத்துட்டாகளாம். மருமக சொக்கத் தங்கம்னு தெரிஞ்சுபோச்சாம். கூட்டிட்டுப் போக வந்தாக."

"என் கையில உன் அண்ணன் செத்தத ஒண்ணும் கேக்கலையா?"

"அது உங்க வீட்டு விஷயம்னாக. அத்தைக்கு ஒரே ஒரு கவலைதானாம். அம்மாச்சிக்காரி இப்படிப் பண்ணிட்டாளே, வெட்டிக் கொல்லுற குணம் பிள்ளைக்கும் வந்துருமோன்னு. அதுக்கும் இப்ப வாசிப்பு வந்துருக்காம். கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி இன்னொரு ஊசி ரத்தம் எடுத்துப் பாத்துரலாம்னாக."

"நீ என்ன சொன்ன?"

"எதுக்கு வீணா ஊசி, கண்டிப்பா வரும்னு சொன்னேன். எனக்கே வந்துருச்சுன்னு சொன்னேன். அப்ப வெங்காயம் நறுக்கிக்கிட்டிருந்தேன், கையில கத்தி இருந்துச்சு." தர்ஷினி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "போட்ட காபியக்கூடக் குடிக்காம போயிட்டாக."

சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று சுகந்தி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுகந்திக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.